தம்பி, அந்த நாலடி மண்ணை விட்டுவை

அன்புத் தம்பிக்கு,

புது வீட்டுக்குக் காண்டிராக்டர் போட்டுக் கொடுத்த வரைபடத்தைப் பார்த்தேன். ஒன்றைத் தவிர எல்லாம் நன்றாக இருக்கிறது. கேட்டிலிருந்து வாசற்படி வரை முழுக்க டைல்ஸ் போடச் சொல்லியிருக்கிறாய். மதிலை ஒட்டியிருக்கும் புல்தரையும் அதோடு போய்விடும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கோலாலம்பூரில் கெப்போங், செகாம்புட் பக்கம் டெரஸ் வீடு (வரிசை வீடு) வாங்குகிற நம் பிள்ளைகள் பலர் முதல் வேலையாக இதைத்தான் செய்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

உன் வீட்டின் அகலம் 20 அடி. இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்க 16 அடி போதும். மிச்சம் இருக்கும் நாலடியை மட்டும் மூடாதே.

கோலாலம்பூரில் மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் கொட்டினால் 50 மில்லிமீட்டர் மழை சாதாரணமாகப் பெய்துவிடும். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். நாலடி அகலம், இருபதடி நீளம் என்று கணக்குப் போட்டுப் பார், அந்த ஒரு மழைக்கே ஏறக்குறைய 370 லிட்டர் விழுகிறது. டைல்ஸ் போட்டால் அத்தனையும் நேரே லோங்காங்குக்கு, அதாவது சாக்கடைக்குப் போகும். மண் இருந்தால் ஒரு பங்கையாவது குடிக்கும். டைல்ஸ் பகலெல்லாம் சூடேறி ராத்திரி அந்தச் சூட்டை ஹாலுக்குள் அனுப்புவதையும் யோசித்துக்கொள்.

உனக்குச் செடி ராசி இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாய். நீ இதுவரை வாங்கியதெல்லாம் கேமரன் மலைக்கு உரிய செடிகள்தானே, தம்பி. ரோஜாவும் சாமந்தியும் தக்காளியும் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் சுகமாக வளர்கிறவை. இரவு வெப்பம் 21 டிகிரிக்கு மேல் ஏறினாலே பெரிய தக்காளி காய் பிடிப்பது குறையத் தொடங்கும். கோலாலம்பூரில் இரவு 23 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். சாமந்தி, இரவு நீளமாக இருந்தால் மொட்டு வைக்கிற செடி. கேமரன் தோட்டங்களில் ராத்திரியும் விளக்கு எரிகிறதே, செடி வளர்வதற்கு முன்பே பூத்துவிடக் கூடாது என்றுதான். இங்கே நீ எங்கே விளக்குப் போடுவாய்? இந்த ஊருக்கு உரியதை நட்டால் தானாக வளரும். ராசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 3 டிகிரியில் இருக்கிறோம். அதனால் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை உச்சி வெயில் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே நிற்கும். உன் வீடு வடக்குப் பார்த்த இரண்டு மாடி வீடு. டிசம்பரில் நடுப்பகலில் வீட்டு நிழல் வாசலிலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு விழும். கேட் பக்கம் மட்டும் வருஷம் முழுக்க வெயில் இருக்கும். எனவே காய்க்கிறவை, பூக்கிறவை எல்லாம் கேட் பக்கம், பாண்டானும் வெற்றிலையும் வாசல் பக்கம். யூடியூபில் சென்னைக்காரர்கள் சொல்லும் ஆடிப்பட்டம், தைப்பட்டம் இங்கே வேண்டாம். எந்த மாதமும் விதைக்கலாம்.

மண்ணை மேலாகக் கிளறிவிட்டால் போதாது. வீடு கட்டியவர்கள் விட்டுப்போன கல்லும் செம்மண் களியும்தான் அடியில் இருக்கும். ஓரடி தோண்டிக் கல்லைப் பொறுக்கிவிட்டு, உமிக்கரியும் மட்கிய எருவும் கலந்து, தரையைவிட அரையடி உயரமாகப் பாத்தி கட்டு. இங்கே செடி காய்ந்து சாவதைவிட வேரில் தண்ணீர் நின்று சாவதுதான் அதிகம். மழை உரத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி உரம் வைக்க வேண்டும்.

அப்புறம், பூவுக்கு ஒரு மூலை, காய்க்கு ஒரு மூலை என்று பிரிக்காதே. கத்தரி, மிளகாய்க்கு நடுவே துலுக்கச் சாமந்தியை நெருக்கமாக நடு. அதன் வேர் மண்ணிலிருக்கும் நூற்புழுவை அடக்கும், பூவுக்குத் தேனீ வரும், வெள்ளிக்கிழமைக்குச் சாமிக்கும் ஆச்சு. மதில் கம்பியில் நீலச் சங்குப்பூவை ஏற்றிவிடு. அது அவரைக் குடும்பம், மண்ணுக்கும் நல்லது, மலாய்க்காரர்கள் நாசி கெராபு என்கிற நீலச் சோற்றுக்கு நிறம் சேர்ப்பதும் அந்தப் பூவில்தான். செம்பருத்தி கட்டாயம் வேண்டும். 1960-இல் இந்த நாட்டின் தேசிய மலராக்கிய பூ அது. அடுக்குச் செம்பருத்தியைவிட ஐந்து இதழ் ஒற்றைப் பூதான் தாங்கும். வெண்டையும் செம்பருத்தியும் ஒரே குடும்பம் என்பதால் ஒன்றில் மாவுப்பூச்சி வந்தால் மற்றதற்கும் தாவும், இரண்டையும் தள்ளித் தள்ளி வை. காகிதப்பூ ஆசை இருந்தால் மழை நேரே விழாத இடத்தில் தொட்டியில் வை. எப்போதும் ஈரமாக இருந்தால் இலைதான் தழைக்கும்.

எல்லாவற்றையும்விட நீ வளர்க்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது புடலை. அதன் பூவை நீ பார்த்திருக்க மாட்டாய், ஏனென்றால் அது வெளிச்சம் மங்கிய பிறகுதான் விரிகிறது. ஏழரை மணிக்குப் பந்தலுக்கு அடியில் போய் நில். பகலில் பச்சையாகச் சுருண்டு கிடந்த மொட்டு மெல்ல அவிழும். ஐந்து வெள்ளை இதழ், ஒவ்வொன்றின் ஓரமும் மெல்லிய நூல் நூலாகப் பிரிந்து பின்னல் வேலை போல விரிந்துவிடும். காலையில் வெயில் ஏறுவதற்குள் வாடிவிடும். அந்துப்பூச்சிகள்தான் அதைத் தேடி வரும். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, ஒரு காம்பில் கொத்தாக இருக்கும். “பூக்குது, காய்க்கலையே” என்று செடியைப் பிடுங்கிவிடாதே. கொஞ்ச நாளில் பெண் பூ தனியாக வரும், அதன் அடியில் சின்ன விரல் நீளத்துக்குப் பிஞ்சு இருக்கும். அன்று ராத்திரியே ஆண் பூ ஒன்றைக் கிள்ளி, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிடு. பாப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தால் அவளே செய்வாள். பிஞ்சு நீளத் தொடங்கியதும் நுனியில் சின்னக் கல் ஒன்றைக் கட்டிவிட்டால் சுருளாமல் நேராகத் தொங்கும். சந்தையில் காயை வாங்கலாம், இந்தப் பூவை வாங்க முடியாது.

கொசு வரும் என்கிற உன் பயமும் நியாயம்தான். ஆனால் டிங்கிக் கொசு மண்ணில் முட்டையிடாது, தண்ணீர் தேங்கும் பாத்திரங்களின் ஈரமான உட்பக்கத்தில்தான் இடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். அதனால் தொட்டிக்கு அடியில் தட்டே வைக்காதே. பூவாளி, வாளி எல்லாவற்றையும் கவிழ்த்து வை. கொசுப்புழு இருந்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதார அதிகாரிகள் 500 வெள்ளி வரை அபராதம் போடலாம். டைல்ஸ் போட்ட வீட்டுக்கும் அதே சட்டம்தான்.

செடி வாங்க சுங்கை பூலோவுக்குப் போவோம், உன் வீட்டிலிருந்து பக்கம். அங்கே 1930-இல் தொழுநோயாளிகளுக்காக ஒரு குடியிருப்பைத் திறந்தார்கள். குணமான பிறகும் பலர் அங்கேயே தங்கி, பூச்செடி வளர்த்து விற்றுத் தங்கள் சொந்தக் காலில் நின்றார்கள். இன்றைக்கு நீ பார்க்கும் அந்த நர்சரி வரிசை அப்படி வந்தது. எனக்கு அங்கே போகும்போதெல்லாம் பேரம் பேச மனசு வராது.

காண்டிராக்டர் வேலையைத் தொடங்குவதற்குள் அவரிடம் சொல்லிவிடு. மண் தோண்ட அத்தானும் நானும் வருகிறோம். கத்தரி, மிளகாய் நாற்று என்னிடம் இருக்கிறது, புடலை விதையும் தருகிறேன். செம்பருத்திக் குச்சிகளை இந்த வாரமே தொட்டியில் ஊன்றிவிடுகிறேன், டைல்ஸ் வேலை முடிவதற்குள் வேர் பிடித்துவிடும். சிவப்பு வேண்டுமா, மஞ்சள் வேண்டுமா என்று பாப்பாவிடம் கேட்டுச் சொல்.

அன்புடன்,
அக்கா