அலபாமாவின் கரிசல் பட்டையும் உங்கள் வரைபடமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கத் தேர்தல் அரசியல் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதோடு போட்டிருந்த வரைபடத்தில் தென்மாநிலங்களுக்கெல்லாம் சிவப்பு பூசி, நிறவெறியின் கோட்டை, குடியரசுக் கட்சியின் நிரந்தர வாக்கு வங்கி என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டீர்கள். நான் அந்தச் சிவப்புக்குள்தான் குடியிருக்கிறேன். அலபாமா மாநிலம், ஹன்ட்ஸ்வில் நகரம். மனிதரைச் சந்திரனுக்கு ஏற்றிச் சென்ற சாட்டர்ன் 5 ராக்கெட்டை உருவாக்கிய ஊர் இது. ஆனாலும் "அங்கே எப்படிம்மா இருக்கே, பயமா இல்லையா?" என்றுதான் என் அத்தை போனில் கேட்கிறார். பாஸ்டனில் இருக்கும் என் அலுவலக நண்பர்களும் ஏறக்குறைய இதையேதான் கேட்கிறார்கள், கொஞ்சம் நாசூக்காக.

முதலில் அந்த 'நிரந்தரம்'. கறுப்பின மக்களை வாக்குச்சாவடிப் பக்கமே அண்டவிடாமல் வைத்திருந்த காலம் முழுக்க அலபாமாவை ஆண்டது ஜனநாயகக் கட்சி. வாக்குச்சீட்டில் அதற்குச் சேவல் சின்னம். சேவலோடு 'வெள்ளையர் மேலாதிக்கம்' என்ற வாசகத்தையும் ஒளிவு மறைவில்லாமல் அச்சடித்து வந்தார்கள், 1966 வரைக்கும். 'இனப் பிரிவினை என்றென்றைக்கும்' என்று 1963-ல் பதவியேற்பு மேடையில் முழங்கிய ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் ஜனநாயகக் கட்சிக்காரர். பிற்பாடு மன்னிப்புக் கேட்டு, 1982-ல் கறுப்பின மக்களின் வாக்குகளையும் வாங்கி, அவரே மறுபடி ஆளுநர் ஆனார் என்பது தனிக்கதை. 1976-ல் ஜிம்மி கார்ட்டர் இங்கே ஜெயித்தார். மாநிலச் சட்டமன்றம் குடியரசுக் கட்சியின் கைக்குப் போனது 2010-ல்தான்.

அப்புறம் அந்தச் சிவப்பு. அலபாமாவின் நடுவில் கிழக்கு மேற்காக ஒரு நிலப்பட்டை ஓடுகிறது. டைனோசர்கள் திரிந்த காலத்தில் கடல் அதுவரைக்கும் வந்திருந்தது. கடல் விட்டுப்போன சுண்ணாம்புப் பாறையின் மேல் காலப்போக்கில் கரிசல் மண் உண்டானது. கரிசல் என்றால் பருத்திதானே? 19-ம் நூற்றாண்டின் முற்பாதியில் வர்ஜீனியா, கரோலினா பக்கத்திலிருந்து தோட்ட முதலாளிகள் ஆயிரக்கணக்கான அடிமைகளோடு இங்கே வந்து இறங்கினார்கள். அந்த அடிமைகளின் வாரிசுகள்தான் இப்போதும் அந்தப் பட்டையில் பெரும்பான்மை. மாநிலத்துக்கு மொத்தமாக வண்ணம் அடிக்காமல் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) வாரியாக அடித்துப் பாருங்கள், சிவப்பு அலபாமாவுக்குக் குறுக்கே ஜனநாயகக் கட்சியின் நீல நாடா கட்டினாற்போல் இருக்கும். பழைய கடலோரம் எங்கே இருந்தது என்பதைத் தேர்தல் முடிவை வைத்தே கிட்டத்தட்ட வரைந்துவிடலாம்.

அந்தக் கரிசல் பட்டையில் இருப்பதுதான் லவுண்டஸ் கவுண்டி. வாக்குரிமை கேட்டு செல்மாவிலிருந்து மாநிலத் தலைநகர் மாண்ட்கமரிக்கு 1965-ல் மார்ட்டின் லூதர் கிங் நடத்திய நடைப்பயணம் இதன் வழியாகத்தான் போனது. அந்த வருடத் தொடக்கத்தில் இங்கே பத்தில் எட்டுப் பேர் கறுப்பினத்தவர்கள். வாக்காளர் பட்டியலிலோ அவர்களில் ஒருவர் பெயர்கூடக் கிடையாது. வாக்குரிமைச் சட்டம் வந்ததும், சேவலுக்கு ஓட்டுப் போட முடியாது என்று அவர்கள் சொந்தமாக ஒரு கட்சியே தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அடையாளம் கண்டுகொள்ள ஒரு சின்னம் வேண்டும். இதைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர்கள் எடுத்த சின்னம் கருஞ்சிறுத்தை. கலிபோர்னியாவின் ஓக்லாண்டில் பிறந்து உலகம் முழுக்கத் தெரிந்த கருஞ்சிறுத்தைக் கட்சி தன் சின்னத்தை இந்தக் குக்கிராமங்களிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. 1966 தேர்தலில் அவர்கள் தோற்றார்கள். 1970-ல் அதே இயக்கத்தைச் சேர்ந்த ஜான் ஹியூலெட் அந்தக் கவுண்டியின் ஷெரீப், அதாவது காவல் தலைவர், ஆனார்.

சரி, சிவப்பாக இருக்கும் இடமெல்லாமாவது ஒரே மாதிரியா? வடக்கே வின்ஸ்டன் கவுண்டி. மலைப்பாங்கான பூமி, பருத்தி பெரிதாக விளையாது, அடிமைகளும் சொற்பம். 1861-ல் அலபாமா அமெரிக்காவை விட்டுப் பிரிந்தபோது, வின்ஸ்டனின் பிரதிநிதியாகப் போன கிறிஸ்டோபர் ஷீட்ஸ் தீர்மானத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அடிமைகளை வைத்திருப்பவர்களின் சண்டையில் நாங்கள் ஏன் சாக வேண்டும் என்பது அந்த மலைக்காரர்களின் நினைப்பு. அந்தப் பிரிவினையால் வடக்குக்கும் தெற்குக்கும் மூண்ட உள்நாட்டுப் போருக்குப் பிறகு தெற்கு முழுக்க ஜனநாயகக் கட்சி கோலோச்சியபோதும் அவர்கள் பெரும்பாலும் லிங்கனின் குடியரசுக் கட்சிக்கே ஓட்டுப் போட்டார்கள். 2020-ல் டிரம்புக்கு அங்கே சுமார் 90 சதவீதம். டபுள் ஸ்பிரிங்ஸ் நீதிமன்ற வாசலில் ஒரு சிப்பாய் சிலை நிற்கிறது. உடம்பில் ஒரு பாதி வடக்குப் படைச் சீருடை, மறுபாதி தெற்குப் படைச் சீருடை.

அலபாமாவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவித்த நிலக்கடலையும் வெண்டைக்காய் வறுவலும் கொண்டுவந்து தருகிற அருமையான பக்கத்து வீட்டுக்காரர், கல்லூரிக் கால்பந்தில் அலபாமா அணியா ஆபர்ன் அணியா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறவர், உள்நாட்டுப் போர் மாநில உரிமைக்காக நடந்தது என்று இன்றும் அடித்துச் சொல்கிறார். அலபாமாவின் பிரிவினைத் தீர்மானத்தை எடுத்துப் பார்த்தால், மாண்ட்கமரிக்கு வரச்சொல்லி அழைப்பது 'அடிமைகளை வைத்திருக்கும்' தென்மாநிலங்களை. எழுதியவர்களுக்கு இல்லாத கூச்சம் பேரன்மாருக்கு! ஜனவரியில் கிங் பிறந்தநாளுக்கு விடுமுறை விடும் இந்த மாநிலம், அதே நாளைத் தெற்குப் படைத் தளபதி ராபர்ட் லீயின் பெயரிலும் கொண்டாடுகிறது. கலப்பு மணத் தடையை அரசியல் சட்டத்திலிருந்து நீக்க 2000-ல் வாக்கெடுப்பு வைத்தபோது, நீக்கக்கூடாது என்று 100-க்கு 40 பேர் ஓட்டுப் போட்டார்கள். இதையெல்லாம் தாராளமாக எழுதுங்கள்.

ஆனால் வடக்கை ஏன் சும்மா விடுகிறீர்கள்? 1966-ல் சிகாகோவில் கிங் மீது கல் விழுந்தது. இவ்வளவு வெறுப்பை அலபாமாவிலும் மிசிசிப்பியிலும்கூடப் பார்த்ததில்லை என்றார் அவர். 1974-ல் கறுப்பினக் குழந்தைகள் வந்த பள்ளிப் பேருந்துகள் மீது கல்லெறிந்தது அந்தப் பாஸ்டன் ஊர்தான்.

சிவப்பும் நீலமும் கட்சி நிறங்களாக நிலைத்ததே 2000 தேர்தலுக்குப் பிறகு. அதற்கு முன்னால் தொலைக்காட்சிக்குத் தொலைக்காட்சி நிறம் மாறும். இந்தக் கணக்கையும் பாருங்கள்: 2020-ல் நீல மாநிலமான கலிபோர்னியாவில் டிரம்புக்கு விழுந்த ஓட்டு 60 லட்சத்துக்கு மேல், டெக்சாஸில் விழுந்ததைவிட அதிகம். எங்கள் அலபாமாவில் பைடனுக்கு 8 லட்சத்துக்கு மேல். தேர்தல் நாளன்று தேவாலயக் கூடத்து வாக்குச்சாவடியில் ஊழியராக உட்கார்ந்து வாக்குச்சீட்டு எடுத்துக் கொடுத்தவள் நான். அந்த 8 லட்சத்தில் சிலராவது என் மேஜைக்கு வந்து போயிருப்பார்கள்.

அடுத்த தேர்தலுக்கு வரைபடம் போடும்போது கவுண்டி வாரியான வரைபடத்தைப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அலபாமாவில் மட்டும் 67 கவுண்டிகள். அரைப் பக்கம் ஒதுக்கினால் தெளிவாகத் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹன்ட்ஸ்வில், அலபாமா