வேப் இழுக்கும் தம்பிமாருக்கும் சனசமூக நிலைய நிர்வாகத்துக்கும்

வணக்கம்.

வேப் என்கிற மின்சிகரெட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம். காலை ஏழரைக்கு முன்பள்ளிக்காக நிலையத்தைத் திறப்பது நான். இரவில் அதே மண்டபத்தில் கரம் விளையாடுவது நீங்கள். நுளம்பு வருமென்று யன்னல்களைச் சாத்திவிட்டுத்தான் விளையாடுகிறீர்கள். காலையில் கதவைத் திறந்தால் உங்கள் வேப்பின் மாம்பழ வாசம்.

போன கிழமை புத்தக அலுமாரிக் கண்ணாடியில் விரல் பட்டுக் கோடு விழுந்தது. வெறும் புழுதி என்றால் ஊதினாலே போய்விடும். இது ஈரச் சீலைக்கும் போகாமல் இழுபட்டு, மங்கலாகத் திரும்பப் படர்ந்தது. சவர்க்காரம் போட்ட பிறகுதான் விட்டது. கரம் பலகையிலும் பவுடர் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கிறது. மாரி ஈரமும் காரணமாக இருக்கலாம், முழுப் பழியையும் உங்கள் தலையில் போடவில்லை.

"அது தண்ணி ஆவிதானே ரீச்சர்" என்றார் ஒரு தம்பி. தண்ணீர் என்றால் காய்ந்ததும் போயிருக்குமே. வேப்பில் இருப்பது புரோப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், வாசனைச் சேர்வை, பெரும்பாலும் நிக்கோட்டினும். புகை மாதிரித் தெரிவது அவற்றின் நுண்ணிய துளிகள். கிளிசரின் 290 பாகை செல்சியசில்தான் கொதிக்கும். அது இலேசில் காயாது. காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். அப்புறம் கிரவல் ரோட்டுப் புழுதி வந்து அதில் ஒட்டாமல் வேறெங்கே ஒட்டும்?

சரி, நியாயத்தையும் சொல்கிறேன். இதில் சிகரெட் தார் இல்லை, சிகரெட்டுக்குப் போல சுவர் மஞ்சளாகாது. வீடுகளில் அளந்து பார்த்தபோதும், சிகரெட் பிடிப்போர் வீட்டைவிட வேப் பாவிப்போர் வீட்டில் நிக்கோட்டின் மிகக் குறைவாகவே இருந்தது. ஆனால் 2015இல் வெளியான ஒரு சோதனையில், அறைக்குள் வேப் ஆவியை விட்டு அளந்தபோது நிக்கோட்டின் அதிகம் படிந்தது யன்னல் கண்ணாடியிலும் தரையிலும். தரையில்தான் என் பிள்ளைகள் பாய் விரித்து இருக்கிறார்கள். மூன்று, நான்கு வயது. கையை வாயில் வைக்காதே என்று நாளுக்கு நூறு தரம் சொல்கிறேன், கேட்டால்தானே! படிந்த நிக்கோட்டின் காற்றிலுள்ள நைத்திரசு அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களாக மாறும் என்பதை, சிகரெட் புகையை வைத்து 2010இலேயே அமெரிக்காவின் லோரன்ஸ் பெர்க்லி ஆய்வுகூடத்தார் காட்டிவிட்டார்கள்.

நிர்வாகத்தாரே, இலங்கையின் புகையிலை, மதுசாரம் பற்றிய 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தைக் காட்டி, புகைத்தல் தடை என்ற பலகை வாசலில் தொங்குகிறது. அதன் கீழே 'வேப்பும்தான்' என்று எழுதக் கொஞ்சப் பெயின்ற் போதும்.

தம்பிமாரே, முன்னால் வேப்பமரம் நிற்கிறது, கீழே வாங்கும் கிடக்கிறது. வேப்புக்கு அதுதான் பொருத்தம். கரம் பலகையைச் சனிக்கிழமை நானே துடைத்துத் தருகிறேன். தூக்க மட்டும் எனக்கு ஏலாது. யாராவது இரண்டு பேர் வாருங்கள்.

இப்படிக்கு,
முன்பள்ளி ரீச்சர்