மூடுவது சரி, விடுப்பு எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சிங்கப்பூரில், ஈசூனில் குடியிருக்கும் பேருந்து ஓட்டுநர். மனைவிக்கு மருந்தகக் கவுன்டரில் வேலை. இளையவனுக்கு 4 வயது. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்திலேயே உள்ள உரிமம் பெற்ற பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்குப் போகிறான். சென்ற மாதம் ஒரு புதன்கிழமை, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் நிலையத்திலிருந்து கைப்பேசிக்குத் தகவல் வந்தது. கை, கால், வாய்ப்புண் நோய் பரவுவதால் மறுநாள் தொடங்கி 10 நாள்களுக்கு நிலையம் மூடப்படும் என்றார்கள். எனக்கோ மறுநாள் விடிகாலை 4.50க்கு டிப்போவில் இருக்க வேண்டிய ஷிஃப்ட்.

நிலையத்தை மூடியதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் இதே நோய்க்காக நாடு முழுவதும் பாலர் பள்ளிகளை மூடினார்கள். அப்போது பரவியது என்டிரோவைரஸ் 71 என்ற கிருமி. பிள்ளைகள் சிலர் இறந்தே போனார்கள். அதை நினைத்தால் 10 நாள் பெரிதில்லை. இந்தக் கிருமி எச்சிலில் இருக்கும், கொப்புள நீரில் இருக்கும், புண் ஆறிய பிறகும் வாரக்கணக்கில் மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். வாசலில் வைத்திருக்கும் கைச்சுத்திகரிப்பான் இதை அவ்வளவாக அசைக்காது. கையைச் சோப்புப் போட்டுத்தான் கழுவ வேண்டும், பொம்மைகளை பிளீச் கலந்த தண்ணீரில் துடைக்க வேண்டும். நிலையம் மூடியிருந்த நாள்களில் ஆசிரியைகள் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு பிளாஸ்டிக் கட்டையாகத் துடைத்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால், என் மகனுக்கு நோய் இல்லை. தினமும் காலையில் நிலைய வாசலில் ஆசிரியை டார்ச் அடித்து வாய்க்குள் பார்ப்பார், உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார், காலையும் பார்ப்பார். பழகிப்போய், மின்தூக்கியில் ஏறுகிற ஆன்ட்டிகளிடமெல்லாம் இவன் கையை நீட்டிக் காட்டுவான். மூடியிருந்த நாள்கள் முழுதும் அந்தக் கையில் ஒரு பொட்டுகூட இல்லை. பிள்ளைக்கு நோய் என்றால் முதலாளியிடம் காட்ட எம்சியாவது (மருத்துவச் சான்றிதழ்) கிடைக்கும். நல்லா இருக்கிற பிள்ளைக்கு எந்த டாக்டர் எழுதிக் கொடுப்பார்?

‘பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது. பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகனாகவும் 7 வயதுக்குக் கீழேயும் இருந்தால் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 6 நாள். ஒரு பிள்ளை இருந்தாலும் மூன்று இருந்தாலும் அதே 6 நாள்தான். காய்ச்சலுக்கும் தடுப்பூசிக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆண்டு தொடக்கத்தில் எங்கள் மூத்தவள் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாள். என் கணக்கில் பாதி அப்போதே போய்விட்டது. மூடல் ஒன்று வந்தால் வார இறுதியைக் கழித்த பிறகும் மிச்சம் எல்லாம் கரைந்துவிடும். அதன் பிறகு டிசம்பர் வரை பிள்ளைக்கு எதுவும் வரக்கூடாது என்று சாமியைக் கும்பிட வேண்டியதுதான்.

எங்கள் நிலையாவது பரவாயில்லை. டிப்போவில் என்னோடு தேநீர் குடிக்கும் மலேசிய நண்பரின் பிள்ளை குடியுரிமை இல்லாத பிள்ளை. அவருக்கு ஆண்டுக்கு 2 நாள்தான். இன்னொருவரின் மனைவி புது வேலையில் சேர்ந்து 3 மாதம் ஆகவில்லை. அவருக்கு அந்த விடுப்பே கிடையாது.

ஷிஃப்ட் மாற்றித் தரச் சொல்லி அன்றிரவே மேற்பார்வையாளரை அழைத்தேன். “முன்னாடியே சொல்லக்கூடாதா?” என்றார். கிருமி சொல்லிவிட்டா வரும்? அவரையும் நான் குறை சொல்லவில்லை. விடிகாலை நேரத்தில் ஆள் இல்லாவிட்டால் முதல் பேருந்து கிளம்பாது, அதை நம்பி வேலைக்குப் போகிறவர்கள் நிறுத்தத்தில் நிற்பார்கள். 2024 டிசம்பர் 1 முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை முறைப்படி கேட்கலாம் என்று வழிகாட்டி நெறிமுறைகள் வந்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் கேட்ட இரண்டு மாதத்துக்குள் முதலாளி பதில் சொன்னால் போதும். எனக்கு இருந்தது ஓர் இரவு. அதோடு, பேருந்தை வீட்டிலிருந்து ஓட்ட முடியாது.

2020 ஏப்ரலில் கொவிட் முறியடிப்புக் காலத்தில் நாட்டிலுள்ள எல்லாப் பாலர் பள்ளிகளும் வழக்கமான சேவையை நிறுத்தின. அப்போது என் மூத்தவள் சின்னவள். நானும் மனைவியும் அத்தியாவசிய ஊழியர்கள் என்பதால் நிலையம் அவளை எடுத்துக்கொண்டது. ஊரே முடங்கியிருந்தபோது எங்களுக்கு ஒரு வழி செய்து கொடுத்தார்கள். ஒரே ஒரு நிலையம் மூடும்போது ஒரு வழியும் இல்லை. இந்த நோயில் பிள்ளைகளை இன்னொரு நிலையத்தில் விட முடியாது, விட்டால் கிருமி அங்கேயும் போகும் என்பது எனக்குப் புரிகிறது. தாத்தா பாட்டி வீட்டில் விடுவதும் எல்லாருக்கும் முடிகிற காரியமில்லை. என் அம்மா தோ பாயோவில் இருக்கிறார். முட்டி வலியோடு இவன் பின்னால் ஓட அவரால் ஆகாது. அதனால்தான் மாற்று இடம் கேட்காமல் விடுப்பு கேட்கிறேன்.

பராமரிப்பு விடுப்பில் முதல் 3 நாளை முதலாளியும் அடுத்த 3 நாளை அரசாங்கமும் ஏற்கின்றன. அதேபோல, நோய்ப்பரவலால் உரிமம் பெற்ற நிலையம் மூடும்போது மட்டும் எடுக்கக்கூடிய தனி விடுப்பு ஒன்றை அரசாங்கச் செலவில் தர முடியாதா? தாயும் தகப்பனும் அதைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளட்டும். சான்றுக்கு, நிலையம் அனுப்பும் மூடல் கடிதமே போதும். இதில் பொய் சொல்லவும் வழியில்லை. எந்த நிலையம் எப்போது மூடியது என்பது உரிமம் தருகிற பாலர் பருவ மேம்பாட்டு அமைப்புக்குத் தெரியாமலா போகும்?

இன்னொன்று, இதற்குச் செலவே இல்லை. மூடுவதற்குச் சில நாள் முன்பு, நிலையக் கதவில் ‘உங்கள் பிள்ளையின் வகுப்பில் ஒருவருக்கு நோய் கண்டுள்ளது’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். ஒருவருக்குத்தானே என்று எல்லாரும் போய்விட்டோம். பக்கத்து வகுப்புகளிலும் இருந்தது பிறகுதான் தெரிந்தது. மொத்தம் எத்தனை பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது, மூடும் கட்டம் நெருங்குகிறதா என்று ஒரு வரி சேர்த்திருந்தால் நான் அன்றைக்கே ரோஸ்டரை மாற்றக் கேட்டிருப்பேன்.

மனிதவள அமைச்சும் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சும் இந்தப் பகுதியிலேயே பதில் எழுதினால், வெட்டி எடுத்து டிப்போ அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
பேருந்து ஓட்டுநர் ஒருவர்,
ஈசூன்