பாதத்தைப் பார்க்கிறீர்கள், கண்ணைப் பார்க்கிறீர்கள், வயிற்றையும் கேளுங்கள்

எங்கள் பட்டணத்து அரசாங்கக் கிளினிக்கில் இனிப்புநீர் நோயாளிகளைக் கவனிக்கும் டாக்டர்களுக்கும், மிஸ்ஸிகளுக்கும், மருந்து முகப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

பட்டணத்தின் பெயரை எழுதவில்லை. பேராக்கில் இப்படி எத்தனையோ இருக்கின்றன. ஒரு கடைவீதி, ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு மாரியம்மன் கோயில், சுற்றிலும் பால்மரத்தை அழித்துவிட்டு நட்ட செம்பனை, லயத்தை விட்டு வந்தவர்கள் குடியிருக்கும் மலிவு வீட்டுத் தாமான். யாரையும் மாட்டிவிடுவதற்காக இதை எழுதவில்லை. வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்துக் கேளுங்கள் என்று சொல்லத்தான்.

ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்துக்கு நீங்கள் செய்வது கொஞ்சநஞ்சமல்ல. மூன்று மாதச் சீனி அளவைப் பார்க்கிறீர்கள், சிறுநீரில் புரதம் போகிறதா என்று சோதிக்கிறீர்கள், கண்ணின் பின்புறத்தைப் படம் எடுக்கிறீர்கள். போன தடவை ஒரு மிஸ்ஸி என் மாமியாரைக் கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு போன்ற மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "பாட்டி, இங்க தெரியுதா? இங்க?" என்று பொறுமையாகக் கேட்டார். பெருவிரல் அடியில் தெரியவில்லை, குதிகாலில் தெரிந்தது. நரம்பு மரத்திருக்கிறது என்று புத்தகத்தில் குறித்துக் கொடுத்தார். சரி. பாதத்துக்குப் போகும் நரம்பை இத்தனை வருஷமாகக் கெடுத்த சீனி, வயிற்றுக்குப் போகும் நரம்பை மட்டும் விட்டுவைத்திருக்குமா? அதை யாரும் கேட்கவில்லை.

உங்களுக்குத் தெரியாததல்ல, இதைப் படிக்கப்போகும் எங்கள் தாமான்காரர்களுக்காக எழுதுகிறேன். மூளையிலிருந்து இறங்கி, இதயம், இரைப்பை, குடல் வரை வருகிற வேகஸ் என்ற நரம்பு இருக்கிறது. இரைப்பை சுருங்கி விரிந்து சோற்றை அரைத்துச் சிறுகுடலுக்குத் தள்ளுவதில் அதற்குப் பெரிய பங்கு. பல வருஷம் கட்டுக்குள் வராத சீனி இந்த நரம்பைச் சேதப்படுத்தினால், தின்றது இரைப்பையிலேயே மணிக்கணக்கில் கிடக்கும். காஸ்ட்ரோபரேசிஸ் என்கிறார்கள். நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும். உப்புசம், குமட்டல், சில நேரம் வாந்தி. எல்லா நோயாளிக்கும் வருவதில்லை. வந்தவர்களில் பலருக்கோ, வந்தது இதுதான் என்று தெரிவதில்லை. "கேஸ்திரிக்" என்று சொல்லி ஈனோவும் ஓமத் தண்ணியும் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அத்தை காலை ஏழு மணிக்கு இன்சுலின் போட்டு, அரை மணி கழித்துப் பசியாற உட்காருவார். இரண்டு இட்டிலியில் ஒன்றரையோடு போதும் என்று தட்டைத் தள்ளிவிடுவார். ஒன்பது மணிக்குக் கை நடுங்கும், ரவிக்கை நனையும் அளவுக்கு வேர்க்கும். விரலில் குத்திப் பார்த்தால் சீனி 3.2 மில்லிமோலுக்கு இறங்கியிருக்கும். சீனி போட்ட தே ஓ கொடுத்துத் தேற்றினால், பதினொன்றரைக்கு 16க்கு ஏறிவிடும். ஊசி மருந்து தன் வேலையைத் தொடங்கும்போது இட்டிலி இரைப்பையிலேயே இருக்கிறது. அது குடலுக்கு இறங்கிச் சீனியாகிற நேரத்தில் மருந்தின் வேகம் தணிந்துவிடுகிறது. கூட்டிக்கழித்தால் மூன்று மாத அளவு ஏறித்தான் காட்டும். அதைப் பார்த்து, "இனிப்பு சாப்பிட்டிருக்கீங்க" என்று அத்தையைக் கண்டித்து இன்சுலினைக் கூட்டி எழுதினார்கள். கூட்டினால் ஒன்பது மணி மயக்கமும் கூடும்தானே? ஒரு நாள் இரவு பத்து மணிக்கு வாந்தி எடுத்தார். மதியம் சாப்பிட்ட பயித்தங்காய், நறுக்கிப் போட்டது நறுக்கிப் போட்டபடி கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே சந்தேகம் வந்தது.

இன்னொரு கொடுமை, இரைப்பை மெதுவாவதற்குச் சீனி ஏறியிருப்பதே ஒரு காரணமாகிவிடுகிறது. ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும். அதனால் மருந்தளவைக் கூட்டுவதற்கு முன்னால் "சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் மயக்கம் வருது?" என்று கேட்டுவிடுவது நல்லது.

வயிற்றுக்குக் கீழே நடப்பதைப் பேச எங்கள் ஆட்களுக்கு வெட்கம். மலச்சிக்கலை வேண்டுமானால் சொல்வார்கள், வாழைப்பழத்தோடு விட்டுவிடுவார்கள். குடல் நரம்பு கெட்டால் வரும் பேதி வேறு மாதிரி: வலி இருக்காது, தண்ணியாகப் போகும், பெரும்பாலும் தூக்கத்தில் எழுப்பும். சிலருக்கு அடக்கவும் முடியாது. கல்யாண வீட்டுக்கோ கோயிலுக்கோ வர மறுக்கும் ஒரு பெரியவரைப் பார்த்தால் வீட்டில் மருமகளோடு சண்டை என்று ஊர் பேசும். காரணம் பேம்பர்ஸாக இருக்கும். அதை அவர் பத்துப் பேர் நிற்கிற முகப்பில், சின்னப் பையனாக இருக்கிற டாக்டரிடம், அரைகுறை மலாயில் சொல்ல மாட்டார். கேட்டால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான்.

மாத்திரை செய்கிற வேலையும் உண்டு. மெட்ஃபார்மின் நல்ல மருந்து, மலிவு, எத்தனையோ பேரைக் காப்பாற்றுகிறது. ஆனால் ஆரம்பத்தில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். ஆபீஸில் வேலை செய்பவர் சமாளித்துக்கொள்வார். செம்பனைக் காட்டில் உரம் போடப் போகிற பெண் என்ன செய்வாள்? காலை ஆறரைக்கு லாரி ஏறினால் மதியம் வரை கழிவறை என்று ஒன்று கண்ணில் படாது. வேலை நாளில் மாத்திரையை விட்டுவிட்டு, கிளினிக் தேதிக்கு முந்தின வாரம் மட்டும் ஒழுங்காக விழுங்குகிற அக்காமார்களை எனக்குத் தெரியும். "மருந்து சாப்பிடுறீங்களா?" என்றால் "சாப்பிடுறேன்" என்பார்கள், அது பாதி உண்மை. சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வதும், குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவதும், மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றுவதும் உங்கள் கையில் இருக்கிற வழிகள். இதே மருந்தை வருஷக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 சத்துக் குறையலாம் என்பதும், அதுவும் காலை மரக்கவைக்கும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. அத்தையின் புத்தகத்தில் பி12 பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை.

அப்புறம் அந்தத் தட்டு. சுவரில் ஒட்டியிருக்கிற "சுக்கு-சுக்கு செப்பாரோ" படம், கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ, பாதித் தட்டு காய்கறியும் பழமும், இனிப்புநீர் உள்ள பெரும்பாலோருக்கு அருமையான யோசனை. நானே அதன்படிதான் சாப்பிடுகிறேன். ஆனால் இரைப்பை அசையாதவருக்குப் பாதித் தட்டு பச்சை உலாமும் கங்கோங்கும் சுமை. நார்ச்சத்தும் கொழுப்பும் இரைப்பையை விட்டு வெளியேற நேரமாகும். நார் திரண்டு கட்டியாகவும் வாய்ப்புண்டு. அப்படிப்பட்டவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை, குழைய வேகவைத்தது, எண்ணெய் குறைந்தது, வடிகட்டிய சூப், கஞ்சி என்றுதான் சொல்வார்கள். கெட்டி உணவு தங்கிப்போகிற இரைப்பையில்கூட நீராகாரம் பெரும்பாலும் இறங்கிவிடும். கஞ்சியிலும் மாவுச்சத்து உண்டு, அதனால் அளவை உணவியல் நிபுணர்தான் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் ஒரே தாளைக் கொடுத்து அனுப்பினால், சொன்னபடி கேட்கிற நோயாளிக்குத்தான் கஷ்டம் அதிகம்.

வயிற்று உபாதை எல்லாம் இனிப்புநீரால்தான் என்று நான் சொல்லவில்லை. மூட்டுவலி மாத்திரையை மிட்டாய் மாதிரி விழுங்கிப் புண்ணாக்கிக்கொண்டவர்கள் இங்கே ஏராளம். ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி மலேசிய இந்தியர்களிடம் மலாய்க்காரர்களைவிட அதிகமாகக் காணப்படுவது ஆய்வுகளில் வந்திருக்கிறது. கறுப்பாக மலம் போனாலோ, காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலோ வேறு ஏதாவது இருக்கலாம். அதனால்தான் முதலில் குழாய் விட்டு அடைப்போ புண்ணோ இல்லை என்று பார்த்துவிட்டு, பிறகு பெரிய மருத்துவமனையில் கதிரியக்கம் கலந்த உணவைக் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். நான்கு மணி நேரம் கழித்தும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இரைப்பையில் தங்கினால் தாமதம் என்று கணக்கு. மெட்டோகுளோபிரமைட் போன்ற மருந்து கொடுப்பதுண்டு. அதையும் மாதக்கணக்கில் தொடர்ந்தால் முகமும் நாக்கும் தானாக அசைகிற தொல்லை வரலாம் என்பதால் கவனம் தேவை.

இவ்வளவையும் எங்கள் சின்னக் கிளினிக்கிலேயே செய்யச் சொல்லவில்லை. யாரை அனுப்ப வேண்டும் என்று கண்டுபிடிப்பது மட்டும் இங்கேதான் தொடங்க முடியும். 2019இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில், நாட்டில் வளர்ந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களைத் தனியாகப் பார்த்தால் 31.4 விழுக்காடு. உங்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலே இது தெரியும்.

கேட்க வேண்டியவை இவைதான்: கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறதா? முந்தைய வேளைச் சாப்பாடு வாந்தியில் வருகிறதா? இரவில் பேதி எழுப்புகிறதா? சாப்பிட்ட பிறகும் சீனி இறங்கி மயக்கம் வருகிறதா? மாத்திரையை எந்த நாளில் விடுகிறீர்கள்? கடைசிக் கேள்வியை இப்படியே கேளுங்கள். "விடுகிறீர்களா" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

இவற்றைத் தமிழிலும் மலாயிலும் ஒரே தாளில் எழுதி, டிக் அடிக்கக் கட்டம் போட்டு, இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். எண் எடுத்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் நோயாளியே நிரப்பிவிடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு உதவ எங்கள் தாமான் பெண்கள் சிலர் முறை வைத்து வரத் தயார். அச்சுச் செலவும் எங்களுடையது. தாளில் எதை மாற்ற வேண்டும், எந்த நாளில் வரலாம் என்பதை மட்டும் சொல்லி அனுப்புங்கள். அத்தைக்கு அடுத்த தேதி மாதக் கடைசியில் வருகிறது, அன்றைக்கே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி ஒருவரின் மருமகள்