பவளப்பாறை மீன்களுக்கு விவரச்சீட்டைக் கட்டாயமாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கடல்மீன் வளர்க்கும் தமிழர்கள், மாட்டுங்கா, செம்பூர், தாராவி.

பெறுநர்:
மீன்வள ஆணையர் அவர்கள், மகாராஷ்டிர அரசு, மும்பை.

பொருள்: கடல் வண்ணமீன் விற்பனையில் விவரச்சீட்டு – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கிராஃபோர்டு மார்க்கெட்டிலும் குர்லாவிலும் பவளப்பாறை மீன்கள் பெரும்பாலும் வணிகப் பெயரில்தான் விற்பனையாகின்றன. 'பட்டர்ஃபிளை' என்று கேட்டால் கீட்டோடான் ஆரிகா என்ற இனமும் வரலாம், கீட்டோடான் ட்ரைஃபாசியேட்டஸ் என்ற இனமும் வரலாம். முன்னது பழக்கினால் இறால் துணுக்கு தின்னும். பின்னதற்கு உயிருள்ள பவளமே இரை. வீட்டுத் தொட்டியில் மெலிந்து மெலிந்து சாகும். விற்கவே கூடாத மீன் அது என்பது எங்கள் கருத்து.

ஆகவே ஒவ்வொரு தொட்டியிலும் நான்கு விவரங்கள் எழுதப்பட வேண்டும்: அறிவியல் பெயர், வந்த கடற்பகுதி, பிடித்ததா வளர்த்ததா, பையில் அடைத்த தேதியும் நேரமும்.

கடைசி விவரம் அற்பமாகத் தோன்றலாம். மூடிய பையில் மீன் விடும் கரியமில வாயு நீரின் பி.எச். அளவைக் குறைக்கிறது, அதாவது நீரை அமிலத் தன்மைக்குத் தள்ளுகிறது; அதனால் மீன் கழிவிலிருந்து சேர்ந்த அம்மோனியா பெரும்பாலும் நஞ்சற்ற அம்மோனியமாக இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏற, அதே அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறுகிறது. ஒரு மணி நேரப் பயணம் என்றால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலந்து பழக்கலாம். ஒரு நாளுக்கு மேல் அடைபட்ட மீனை அப்படிப் பழக்குவது கொல்வதற்குச் சமம். மூடிய பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்து, பை நீரின் உப்பளவுக்கே முன்கூட்டித் தயாரித்த தனித்தொட்டிக்கு, பை நீர் சேராமல் உடனே மாற்ற வேண்டும். நேரம் தெரியாமல் எந்த வழி என்று யார் முடிவு செய்வது?

'வளர்த்தது' என்ற சொல்லுக்குச் சந்தையில் மதிப்பு உண்டு. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து, ரோட்டிஃபரும் பிறகு ஆர்டீமியாவும் ஆகிய நுண்ணிய இரை உயிரிகளை ஊட்டி வளர்க்கும் முறையை உருவாக்கியுள்ளது. அப்படி வளர்த்ததும் சயனைடு தெளித்து மயக்கிப் பிடித்ததும் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றுபோலவே இருக்கும்.

ஆய்வுக்கும் இது உதவும். சுங்கக் குறியீடு 030119 எல்லாக் கடல் வண்ணமீனையும் ஒரே தலைப்பில் அடக்கிவிடுவதால், எந்த இனம் எவ்வளவு வருகிறது என்பது அதில் தெரிவதில்லை. இறக்குமதிப் பட்டியலிலும் இனவாரியாக எண்ணிக்கை கேட்டுப் பெற வேண்டுகிறோம். 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள கடற்குதிரை, கல்பவளம் ஆகியவை வேறு பெயரில் நுழைவதும் அப்போது சிக்கும்.

சுற்றறிக்கை பிறப்பிக்கக் கேட்டுக்கொள்கிறோம். மாதிரிச் சீட்டும் இம்மனுவின் மராத்திப் படியும் இணைப்பில் உள்ளன.

இப்படிக்கு,
கையொப்பமிட்டோர்
மும்பை