அடையும் தண்ணீரும் கொண்டுவந்தவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான எங்கள் சபையாருக்கும், தெருக்காரர்களுக்கும், சொந்தபந்தங்களுக்கும்,

என் வீட்டுக்காரர் குடியை விட்டு, போன ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருடம் நிறைந்தது. ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தபோது சபைப் போதகரான ஐயர் "ஒரு குடும்பத்தாரின் நன்றிக்காக" என்று மட்டும் வாசித்தார். நாங்கள்தான் அப்படி வாசிக்கச் சொல்லியிருந்தோம். வீட்டுக்கு வந்த பிறகு என் வீட்டுக்காரரே சொன்னார்: "யார் யார் என்ன செஞ்சாங்கன்னு நீ எழுது. என்னை மறைக்க வேண்டாம். பேரு மட்டும் யாரோடதும் வேண்டாம்." அதனால் எழுதுகிறேன். பெயர் இல்லாவிட்டாலும் உங்களைப் பற்றித்தான் என்று உங்களுக்குத் தெரியும்.

முதல் நன்றி பக்கத்து வீட்டு அக்காவுக்கு. அந்த டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் வந்துபோன ராத்திரி, இவர் வாசல்படியில் விழுந்து கிடந்தார். நான் தூக்கவும் முடியாமல், விட்டுவிட்டு உள்ளே போகவும் முடியாமல் நின்றேன். அக்கா வந்து, "பிள்ளைகளை நான் கூட்டிட்டுப் போறேன், காலையில அனுப்புறேன்" என்றார். அவ்வளவுதான். ஏன், எப்படி, எத்தனை நாளாய் என்று ஒரு கேள்வி இல்லை. மறுநாள் சின்னவளுக்கு அரையாண்டுக் கணக்குப் பரீட்சை. காலையில் இரண்டு பேரும் தலை பின்னி, யூனிஃபார்ம் இஸ்திரி போட்டு, ஜாமெட்ரி பாக்ஸோடு வந்து நின்றார்கள். எனக்கென்று ஒரு தூக்குவாளியில் நாலு இட்லியும் கொடுத்துவிட்டிருந்தார். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து நான் சாப்பிடவில்லை என்பது அந்த வாளியைத் திறந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

வேதத்தில் வரும் எலியா தீர்க்கதரிசியைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரத்தில் அவன் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்கிறான். வந்த தேவதூதன் அவனுக்குப் புத்தி சொல்லவில்லை. விசுவாசம் எங்கே என்று கேட்கவும் இல்லை. தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். "எழுந்திருந்து போஜனம்பண்ணு." சாப்பிட்டு அவன் மறுபடி தூங்கினான். தூதன் இரண்டாந்தரமும் வந்து சாப்பிடத்தான் எழுப்பினான். அந்த இட்லிக்குப் பிறகு எனக்கு அந்த அதிகாரம் வேறு மாதிரி தெரிகிறது.

அடுத்து ஐயரின் மனைவி ஐயரம்மாவுக்கு. அவர்கள் சொன்ன ஒரு வார்த்தை என்னைக் கோபப்படுத்தியது என்பதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் ஒரு நாளும் நின்றதில்லை. இவர் கட்டிலில் படுத்திருப்பார். நான் பிள்ளைகளோடு பாயில் முழங்காலிட்டு, "ஆண்டவரே, இந்த மனுஷனுடைய கண்ணைத் திறந்தருளும், பிள்ளைகள் படும் பாட்டைப் பாரும்" என்று சத்தமாய் ஜெபிப்பேன். ஐயரம்மா ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஜெபம் ஆண்டவருக்குக் கேட்கணும்னு பண்ணுறியா, அவருக்குக் கேட்கணும்னு பண்ணுறியா?" என்றார்கள். இரண்டு நாள் அவர்களோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி ஜெபத்தில் இவர் பெயரைச் சொல்லி, "இவருக்கு நல்ல தூக்கம் தாரும்" என்று மட்டும் கேட்டேன். கட்டிலில் அவர் புரண்டு படுத்தது கேட்டது. பிற்பாடு அவர் சொன்னார், எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஜெபத்தில் தனக்கும் இடம் இருக்கிறது என்று தோன்றியதாம்.

ஐயரிடம் ஒரு வசனத்தைக் கொண்டுபோய் அழுதேன். "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்று எபேசியரில் இருக்கிறதே, அதற்காகத்தான் தினமும் ராத்திரியே பேசித் தீர்க்கப் பார்க்கிறேன், சண்டையில்தான் முடிகிறது என்றேன். அவர் சொன்னார்: "எரிச்சல் தணியக்கடவதுன்னுதானே இருக்கு? வழக்கு தீரக்கடவதுன்னு இல்லையேம்மா. குடிச்சிருக்கிற மனுஷனோட ராத்திரி பேசி என்ன ஆகும்? காலையில, அவர் காப்பி குடிச்சு முடிச்ச பிறகு பேசு." பிறகு டாக்டரும் இதையேதான் சொன்னார். காலையில் பேசிய முதல் பேச்சிலேயே, "என்னால தனியா விட முடியல" என்று இவர் வாயிலிருந்து வந்தது.

அப்புறம் மருத்துவம். இதை ஊன்றி வாசியுங்கள் என்று கேட்கிறேன். விசுவாசத்தோடு ஒரே நாளில் விட்டுவிட வேண்டும், ஆஸ்பத்திரி எதற்கு என்று எங்களுக்குச் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் மனம் நல்ல மனம்தான், ஆனால் அந்த ஆலோசனை ஆபத்தானது. வருடக்கணக்கில் தினமும் அதிகமாய்க் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கத்தோடு போகாது; முதல் இரண்டு நாளுக்குள்ளேயே வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், மூன்றாம் நாள் புத்தி பேதலிக்கலாம், உயிரே போகலாம். இவருக்கு இரண்டாம் நாள் சுவரில் எறும்பு ஊர்வதாய்த் தோன்றி, அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சுவரில் ஒன்றுமே இல்லை. நல்லவேளை, அப்போது ஆஸ்பத்திரி வார்டில் இருந்தோம். நரம்புக்கு பி1 வைட்டமின் ஊசி போட்டு, நடுக்கத்துக்கு மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்துக் கொடுத்து, டாக்டரும் நர்ஸ் தங்கைகளும் பார்த்துக்கொண்டார்கள். குடிநோய் ஒரு வியாதி என்று டாக்டர் சொன்னபோது, வியாதியிலும் சுகத்திலும் என்று கல்யாணத்தன்று பீடத்தின் முன் நான் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416-ஐ அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழில் பேசலாம்.

வார்டிலிருந்து வந்த பிறகு இவரைத் தாங்கியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்து அண்ணன்மார். 1935-ல் அமெரிக்காவில் குடியில் சிக்கியிருந்த ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை மருத்துவரும் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது இது. கட்டணம் இல்லை, பெயர் கேட்பதில்லை, நாளையைப் பற்றிக் கவலைப்படாமல் இன்றைக்கு மட்டும் குடிக்காமல் இருப்போம் என்பார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் இவர் தவறினார். ராத்திரி 11 மணிக்கு அந்தக் கூட்டத்து அண்ணன் ஒருவருக்குப் போன் போட்டேன். மழையில் பைக்கில் வந்தார். ஈரச் சட்டையோடு திண்ணையில் விடியும்வரை இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கொடுத்த துண்டால் துவட்டிக்கொள்ளக்கூட இல்லை, இவர் தோளில் போட்டுவிட்டார். மறுநாள் காலையிலிருந்து எண்ணியதுதான் இந்த ஒரு வருடம்.

அத்தானுக்கும் மைனிக்கும் நன்றி. கையில் பணம் தராமல், நேரே பள்ளிக்கூடத்தில் போய்ப் பீஸ் கட்டி ரசீதை மட்டும் என்னிடம் தந்தீர்கள். அது எங்கள் மானத்தையும் காத்தது, பணத்தையும் காத்தது. மன்னித்துவிட்டாய் அல்லவா, பிறகு ஏன் ஏடிஎம் கார்டை நீயே வைத்திருக்கிறாய் என்று சிலர் கேட்டபோது பதில் சொன்னதும் மைனிதான்: "மன்னிப்பு அன்னைக்கே குடுத்தாச்சு. நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமா வரும்." போன மாதம் கார்டை இவரிடம் கொடுத்தேன். ஆறு மாதம் போகட்டும் என்று அவர் திருப்பித் தந்துவிட்டார்.

அத்தைக்கு என்ன சொல்வேன்? பெற்ற மகன், பழியை மருமகள்மேல் போட்டிருந்தால் ஊரே தலையாட்டியிருக்கும். அத்தையோ, "இவ இல்லன்னா என் பிள்ளை என்னைக்கோ போயிருப்பான்" என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எழுந்து நின்று சொன்னார்கள். அதுவரை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். ஓய்வுநாள் பாடசாலை டீச்சருக்கும், கடன் கொடுக்க மறுத்த முக்குக்கடை அண்ணாச்சிக்கும் என் அன்பு.

ஐயருக்கு இன்னும் ஒன்று. வார்டிலிருந்து வந்த முதல் திருவிருந்துக்கு இவர் வர மறுத்தார். திராட்சரசப் பாத்திரத்தின் வாசனை வந்தால் என்ன ஆகுமோ என்ற பயம். ஐயர் சனிக்கிழமை சாயங்காலமே வீட்டுக்கு வந்து, "அப்பத்தை மட்டும் வாங்கிக்கோங்க. பாத்திரம் வரும்போது ரெண்டு கையையும் நெஞ்சுல கட்டிக்கோங்க, நான் கடந்து போயிடுறேன். அப்பத்துல முழுக் கிறிஸ்துவும் உண்டு, குறைவா எதுவும் வாங்கல" என்றார். மறுநாள் பீடத்தின் முன் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தேன். இவர் கைகளைக் கட்டினார். ஐயர் ஒரு நொடி நின்று, இவர் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்த உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே நன்றி.

இந்த வருட அசனத்தில், நம் சபை விருந்தில், இவர் அடுப்படியில் நின்று கறிக்குழம்பு கிண்டினார், பார்த்திருப்பீர்கள். முன்பெல்லாம் அசனத்தன்று மத்தியானத்துக்கு மேல் அவரைத் தேடிப் பிள்ளைகள் தெருத் தெருவாய் அலையும். இந்தத் தடவை பெரியவள் வாளியை எடுத்துக்கொண்டு நேரே அப்பாவிடம் போனாள்.

உங்களில் ஒரு வீட்டில் இதே பாடு இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். புதன்கிழமை சாயங்காலம் இவர் கூட்டத்துக்குப் போயிருப்பார், பிள்ளைகள் டியூஷனில் இருப்பார்கள், நான் மட்டும் வீட்டில் இருப்பேன். பின்வாசல் வழியாகவும் வரலாம். காப்பி போட்டு வைக்கிறேன்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரி