ஒவ்வாமை வந்தவருக்கு நெஞ்சு வலித்தால் ஈசீஜி எடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் மலையகச் செய்திகளில் குளவிக்கொட்டு அடிக்கடி வருகிறது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் குளவிக்கொட்டுக்கு இலக்கானார்கள், வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்கள், சிகிச்சை பெற்று வீடு திரும்பினார்கள். சிலவேளை ஒருவர் இறந்துவிடுகிறார். செய்தி அத்தோடு முடிந்துவிடும். மூச்சு அடைத்து இறந்தாரா, இரத்த அழுத்தம் விழுந்து இறந்தாரா, மாரடைப்பா என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். இழையத் துண்டுகளுக்குச் சாயமேற்றி நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. டொலுயிடின் நீலச் சாயம் போட்டால் மற்றக் கலங்கள் நீலமாக இருக்கும், ஒவ்வாமையைக் கிளப்பிவிடும் நோயெதிர்ப்புக் கலங்களான மாஸ்ட் கலங்கள் மட்டும் ஊதா நிறத்தில் மணிமணியாகத் தனித்துத் தெரியும். 1878 இல் போல் எர்லிக் என்ற ஜெர்மன் மாணவர் தன் பட்ட ஆய்வில் இவற்றை விவரித்தார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றவர் அவர். அந்த மணிகளுக்குள் ஒவ்வாமை அறிகுறிகளை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற இரசாயனம் இருக்கிறது என்று காட்ட 1953 வரை ஆனது. ஹிஸ்டமினோடு ஹெபரின், நொதியங்களான டிரிப்டேஸ், கைமேஸ் என்று வேறு பல பொருட்களும் அங்கே தயாராக இருக்கின்றன. தூண்டுதல் கிடைத்தால் சில நிமிடங்களுக்குள் எல்லாம் வெளியே வந்துவிடும்.

இந்தக் கலங்களைப் பற்றிப் பேசினால் எல்லோருக்கும் அலர்ஜிதான் ஞாபகம் வருகிறது. தும்மல், தடிப்பு, இழுப்பு, அப்புறம் ஒரு பிரிட்டோன் குளிசை. ஆனால் நம் உடம்பு இவற்றை வீணாக வைத்திருக்கவில்லை. தோல், குடல், சுவாசப்பாதை, இரத்தக் குழாய்களின் ஓரம் என்று வெளியிலிருந்து எது வந்தாலும் முதலில் தொடும் இடங்களில்தான் இவை இருக்கின்றன. மாஸ்ட் கலங்கள் இல்லாத எலிகள் வயிற்றுக்குள் பக்றீரியாத் தொற்று வந்தால் அதிகமாக இறந்துபோகின்றன என்று 1996 இல் காட்டினார்கள். 2006 இல் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பாம்பு நஞ்சையும் தேனீ நஞ்சையும் மாஸ்ட் கலங்களின் நொதியங்கள் உடைத்து எலிகளைக் காப்பாற்றுகின்றன என்று அதில் தெரியவந்தது.

டெங்குவிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. 2017 இல் இலங்கையில் 1,80,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது, கொழும்பில் வார்ட்டுகள் நிரம்பி வழிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். டெங்குவில் உயிருக்கு ஆபத்தாவது இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசிவதுதான். குழாய் ஓரத்தில் இருக்கும் மாஸ்ட் கலங்கள் வெளியிடும் பொருட்கள் அந்தக் கசிவைக் கூட்டுகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நீலிகா மாலவிகே குழுவினர், ஒவ்வாமைக்குக் கொடுக்கும் ரூபட்டடீன் என்ற மருந்தை டெங்கு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2018 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அது ஆரம்பநிலை ஆய்வு, அதை வைத்து யாரும் தாங்களாக மருந்து வாங்கக் கூடாது. ஆனால் நம் ஊரிலேயே இந்தக் கேள்வியைக் கையில் எடுத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெருமை.

சரி, இதயத்துக்கு வருகிறேன். மாஸ்ட் கலங்கள் இதயத்தின் தசையிலும் இருக்கின்றன, இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் முடியுரு நாடிகளின் சுவரிலும் இருக்கின்றன. 1990களில் பின்லாந்தின் பெட்ரி கோவனென் குழுவினர், மாரடைப்பால் இறந்தவர்களின் நாடிகளைச் சோதித்தார்கள். கொழுப்புப் படிவு எந்த இடத்தில் கிழிந்ததோ அந்த இடத்தில் தூண்டப்பட்ட மாஸ்ட் கலங்கள் கூடியிருந்தன. டிரிப்டேஸும் கைமேஸும் படிவை மூடியிருக்கும் நார்ப் படலத்தை நலிவடையச் செய்யக்கூடியவை. கொழுப்பு படிவதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், படிந்தது ஏன் ஒரு நாள் திடீரென்று கிழிகிறது என்பதைப் பற்றிப் பேசுவது குறைவு.

1991 இல் கிரேக்க நாட்டு வைத்தியர் நிக்கொலஸ் கூனிஸும் அவருடைய சக வைத்தியரும், ஒவ்வாமை எதிர்வினையின்போதே மாரடைப்பைப் போன்ற நெஞ்சு வலி வருவதை விவரித்தார்கள். இன்று அது கூனிஸ் நோய்க்குறித் தொகுதி எனப்படுகிறது. நாடியில் எந்த அடைப்பும் இல்லாத இளவயதினருக்கும் இது வரலாம், ஹிஸ்டமின் நாடியை இறுகச் சுருக்கிவிடுகிறது. ஏற்கனவே படிவு இருப்பவருக்கு அது கிழிந்து உண்மையான மாரடைப்பே வரலாம். ஸ்டென்ட் வைத்தவருக்கு அதற்குள் இரத்தம் உறையலாம். பெனிசிலின் வகை மருந்துகள், டைக்குளோபெனக் போன்ற வலி மருந்துகள், சில உணவுகள், குளவி, தேனீ எல்லாமே காரணமாகலாம். குளவி நஞ்சில் உள்ள மாஸ்டோபரன் என்ற பொருள் மாஸ்ட் கலங்களை நேரடியாகவே தூண்டும். அதனால் முன்பு ஒவ்வாமையே இல்லாத ஒருவரைக் கூடு கலைந்து பல குளவிகள் கொட்டினாலும் இந்த ஆபத்து உண்டு.

கொழும்பில் இருக்கும் நமக்குக் குளவியை விட மீன்தான் பக்கத்தில். சூரை, கெலவல்லா போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தால் பக்றீரியா அதன் சதையிலேயே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். எவ்வளவு நேரம் சமைத்தாலும் அது போகாது. இங்கே மாஸ்ட் கலம் எதுவும் செய்யவில்லை, ஹிஸ்டமின் சாப்பாட்டோடு உள்ளே போகிறது. விளைவு கிட்டத்தட்ட ஒன்றுதான்: முகம் சிவக்கும், தலையிடிக்கும், நெஞ்சு படபடக்கும், சிலருக்கு நெஞ்சு வலியும் வரும்.

எங்கள் தொடர்மாடியில் இருக்கும் ஒரு அண்ணாவுக்கு மூட்டு வலிக்கு ஊசி போட்டபின் உடம்பெல்லாம் தடித்தது, நெஞ்சும் இறுகியது. அவர் போன இடத்தில் ஒவ்வாமை என்று சொல்லி ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நெஞ்சு இறுகுகிறது என்று அவர் சொன்னது பதட்டமாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. மறுநாள் வேறு இடத்தில் ஈசீஜி எடுத்தபோது மாற்றம் தெரிந்தது. அவர் பிழைத்துவிட்டார். ஆனால் முதல் நாளே ஒரு ஈசீஜி எடுக்க எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்?

நான் கேட்பது அதுதான். ஒவ்வாமையோடு வருபவர் நெஞ்சில் வலி, இறுக்கம் என்று சொன்னால் ஈசீஜியும், இதயத் தசை பாதிக்கப்பட்டதா என்று இரத்தத்தில் காட்டும் ட்ரோபோனின் பரிசோதனையும் செய்ய வேண்டும். மாரடைப்பு என்று வருபவரிடமும் இன்று என்ன மருந்து எடுத்தீர்கள், ஏதாவது கொட்டியதா, தோலில் தடிப்பு வந்ததா என்று கேட்க வேண்டும். சிகிச்சையே அதைப் பொறுத்து மாறும். நெஞ்சு வலிக்குக் கொடுக்கும் மோர்ஃபீன் மாஸ்ட் கலங்களை மேலும் தூண்டக்கூடியது. கடும் ஒவ்வாமைக்கு அட்ரினலின் ஊசியே உயிர் காக்கும் முதல் மருந்து, அதைத் தாமதிக்கக் கூடாது. இதயமும் பாதிக்கப்பட்டிருந்தால் அதை எப்படிச் சமாளிப்பது என்பது வைத்தியருடைய பொறுப்பு, அதற்கு அவருக்கு விஷயம் முதலில் தெரிய வேண்டும்.

என் துறை சார்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மாஸ்ட் கலங்கள் வெடித்தனவா என்பதை இரத்தத்தில் உள்ள டிரிப்டேஸ் அளவு காட்டும். அது ஒன்று, இரண்டு மணித்தியாலத்தில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். ஆகவே இயன்றால் 4 மணித்தியாலத்துக்குள் இரத்தம் எடுக்க வேண்டும், ஒரு நாள் கழித்து இன்னொன்று எடுத்து ஒப்பிட வேண்டும். மாதிரியை உறையவைத்துப் பிறகும் சோதிக்கலாம். பிரேதப் பரிசோதனையிலும் இது உதவும். குளவிக்கொட்டில் இறந்த ஒவ்வொரு தொழிலாளியின் குடும்பத்துக்கும் காரணத்தை அறியும் உரிமை இருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு மாஸ்ட் கலங்களை எதிரி என்று யாரும் எழுதிவிட வேண்டாம். மாரடைப்புக்குப் பிறகு இதயத் தசை சரியாகச் சுருங்குவதற்கு இவை துணை செய்கின்றன என்று 2016 இல் வெளிவந்த, எலிகளில் செய்த ஆய்வு காட்டியது. மனிதரில் எந்த அளவுக்கு என்பது இனித்தான் தெரிய வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, தங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு இதய நோய் வைத்தியரையும் ஒவ்வாமை வைத்தியரையும் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள். குளவிக்கொட்டுச் செய்தி வரும்போதெல்லாம் அதன் கீழே இரண்டு வரி போடுங்கள்: மூச்சுத் திணறல், மயக்கம், நெஞ்சு வலி இருந்தால் தாமதிக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், நெஞ்சு வலியை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள் என்று.

இப்படிக்கு,
நீண்டகால வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06